டெல் மீ வொய்: மெதுவான ஆட்டம், ஆனால் மனசுக்குப் பிடித்தது

கோரிப்பாளையம் பக்கம் நான் போய்க்கொண்டிருந்த கேமிங் சென்டரில் தோற்றவனை 'ஒன்பது' என்று கத்தாத நாளே கிடையாது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் டான்ட்நாட் ஸ்டுடியோவின் 'டெல் மீ வொய்', 2020-இல் வந்தது.

நாயகன் டைலர் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண், குரல் கொடுத்த ஆகஸ்ட் ஐடன் பிளாக்கும் திருநம்பிதான். பெரிய நிறுவனத்தின் ஆட்டத்தில் இப்படி ஒருவரை நாமே நடத்திப் போவது இதுதான் முதல் தடவை என்கிறார்கள். அம்மாவின் வீட்டை விற்க அலாஸ்காவுக்கு டைலரும் அவன் இரட்டைச் சகோதரி அலிசனும் திரும்புகிறார்கள். ஒரே சம்பவம் டைலருக்கு ஒரு மாதிரியும் அலிசனுக்கு வேறு மாதிரியும் ஞாபகம் இருக்கிறது, யார் சொல்வதை நம்புவது என்று முடிவெடுப்பது நாம். டைலரின் பழைய பெயர் ஆட்டத்தில் எங்கேயும் வராது, அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. கதைப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் புதிர் அவிழ்க்கும் இடங்களில் கொட்டாவி வந்துவிட்டது, தமிழ் சப்டைட்டிலும் கிடையாது. மொத்தம் 3 அத்தியாயம்தான், அவசரம் இல்லாதவர்கள் ஜூன் வரை பொறுக்கலாம், பால்புதுமையினர் கொண்டாடும் பிரைட் மாதத்தில் பல வருடம் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

சித்தி பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "இவன் முன்னாடி பொண்ணாண்ணே?" என்றான். "எப்பவுமே பையன்தான்டா" என்றேன். "சரி, அந்தக் கதவைத் திற" என்றான்.