திருமலை வெயிலுக்கு இரண்டு பச்சைப் போத்தல்கள்

கச்சான் என்ற சூட்டுக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் திருகோணமலையில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கனத்த சென்டைப் பூசிக்கொண்டு சீனக்குடாவில் பஸ் ஏறுவது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். அதனால் இந்த வருடம் பச்சை மணம் மட்டும்தான் என்று முடிவெடுத்தேன். கையில் இரண்டு போத்தல்கள். எலிசபெத் ஆர்டனின் கிரீன் டீ நானே வாங்கியது. ஹெர்மெஸின் 'ஆன் ஜார்தான் சுர் லெ நீல்' லண்டன் அக்கா கொண்டுவந்து தந்தது. நைல் நதியில் ஒரு தோட்டம் என்று பொருளாம். நான் நைல் என்றே சொல்கிறேன். மூன்று மாதமாக மாறி மாறிப் போட்டுப் பார்த்ததில் நான் கிரீன் டீ பக்கம் சாய்ந்துவிட்டேன். அக்கா கோபிக்கக்கூடாது.

பச்சை மணம் என்றால் புல்லை வெட்டும்போது எழுவது, முருங்கை இலையை உருவினால் விரலில் நிற்பது. சிஸ்-3-ஹெக்ஸனால் என்ற பொருள்தான் அதற்கு முக்கிய காரணம். 1947இல் பால்மன் நிறுவனத்துக்காக ஜெர்மெய்ன் செலியே என்ற பெண் செய்த 'வோன் வேர்' என்ற சென்ட் இந்த வகையில் பேர்போனது. பெயரின் பொருள் பச்சைக் காற்று. (நம் கச்சானுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் தவிட்டுக் காற்று என்றுதான் வைக்கவேண்டும்.) செலியே அதில் தாராளமாகப் போட்ட கல்பனம் என்ற பிசின், பெருங்காயச் செடியின் சொந்தக்காரச் செடியிலிருந்து வருகிறது. ரசத்தில் போடுவதன் ஒன்றுவிட்ட தங்கை பாரிசில் சென்ட் ஆகியிருக்கிறாள்! என்னிடம் உள்ள இரண்டும் அவ்வளவு கசப்பில்லாத, சாதுவான பச்சை.

நைலை 2005இல் செய்தவர் ழான் குளோட் எலெனா. எகிப்தின் ஆஸ்வானில் மாமரத்தில் தொங்கிய காய்களின் மணத்தில் பிடித்த யோசனையாம். மூடியைத் திறந்தால் அது புரியும். கறுத்தக்கொழும்பான் மாங்காயின் காம்பை முறித்தவுடன் பால் தெறிக்குமே, அந்த ஒரு நொடி. பிறகு கிரேப்ஃபுரூட் கசப்பு, கொஞ்சம் தாமரைத் தண்ணீர். ஒரு ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நிற்கும் மான் ஒன்று என் மணிக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டது. நைல் ஓர் ஆளாக இருந்தால், கொழும்பில் படித்துவிட்டு லினன் சட்டையோடு வந்து இறங்கும் மச்சாள். சிரித்துக்கொண்டே புளிப்பாக ஒரு சொல் சொல்வாள். பக்கத்தில் இருக்க ஆசையாக இருக்கும், ஆனால் நம் நகம் அழுக்காக இருக்கிறதோ என்று ஒரு பயமும் இருக்கும்.

கிரீன் டீ 1999இல் வந்தது. பிரான்சிஸ் குர்க்ஜானின் கைவேலை. தேசிக்காய், புதினா, அடியில் மெல்லிய தேயிலை. தேயிலை மணத்தை சென்ட் உலகில் பெரிதாக்கியது 1992இல் பல்கரி நிறுவனத்துக்காக எலெனா செய்த ஒன்று என்பதால், சுற்றி வளைத்துப் பார்த்தால் என் இரண்டு போத்தலுக்கும் மூத்தவர் ஒருவரே. முதல் நாள் அலுவலகத்துக்குப் போட்டுப்போனபோது, கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர் பைலிலிருந்து தலையை எடுத்துக் கேட்டார்: "என்ன தங்கச்சி, இப்பதான் முழுகிட்டு வாறீங்களா?" சென்டின் பெயரைச் சொன்னேன். "தேத்தண்ணி மணக்கக் காணல்லயே" என்றார். அவருக்குத் தெரிந்த தேத்தண்ணி சீனி தூக்கலான பிளேன்டீ, அவர்மேல் குற்றமில்லை. எனக்கு அந்த முதல் கேள்வி போதும். மிச்சக் காசை எண்ணிச் சரியாகத் தந்துவிட்டு, "கலியாணம் எப்ப" என்று கேட்காத ஒரு மனுஷி இருப்பாளே, கிரீன் டீ அவள்தான்.

சரி, மணம் இரண்டும் நல்லது, நைல் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: மறுபடி அடிப்பது. பச்சை மணமும் தேசிக்காய் மணமும் லேசான பொருள்கள், சூடு பட்டால் முதலில் பறப்பவை அவைதான். காலை ஏழரைக்கு அடித்தால் ஒன்பதுக்கு முன் கிரீன் டீ காணாமல் போகும். நைல் பதினொரு மணிவரை இழுக்கும். இதைக் கேட்டால் நைலே வெல்லவேண்டும் என்று தோன்றும். ஆனால் அலுவலகம் முடிய நாலரை ஆகும். எதைப் போட்டாலும் மத்தியானம் ஒருமுறை அடித்தே ஆகவேண்டும்.

அங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு அமுக்குக்குச் சுமார் 0.1 மில்லி. காலை நாலு, மத்தியானம் மூன்று என்றால் நாளுக்கு ஏழு. என் 100 மில்லி கிரீன் டீ நாலரை மாதம் ஓடும். 30 மில்லி நைல் ஆறு கிழமையில் முடியும், விலையோ பல மடங்கு. நைலை அடிக்கும்போது விரல் தயங்குகிறது. ஏழை நாலாக்கி, நாலை இரண்டாக்கி, கடைசியில் மணமே வராத அளவுக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறேன். இன்னொன்று, நைலின் மிச்சம் என் வியர்வையோடு சேர்ந்து இரண்டு மணியளவில் வாடிய மாங்காய்த் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. அதன்மேல் புதிதாக அடித்தால் பழையதும் புதியதும் சண்டை போடும். கிரீன் டீ போனால் போனதுதான், சுவடே இருக்காது. கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடித்தால் மறுபடி காலை.

இது என் தோல், என் வியர்வை. ஏசி அறையில் இருப்பவருக்கு நைல் நாள் முழுக்க நிற்கக்கூடும். மார்கழி மழையில் இரண்டையும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவதாக வெட்டிவேர் அத்தரும் இருக்கிறது. மலிவு, காலையில் ஒரு துளி வைத்தால் இரவுவரை நிற்கும். ஆனால் அதைப் போட்டால் நான் என் அப்பப்பா ஆகிவிடுகிறேன்.

கிரீன் டீ இப்போது கைப்பையில் கிடக்கிறது. சூடும் வெளிச்சமும் சென்டைக் கெடுக்கும் என்பதால் நைலைப் பெட்டியோடு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். போன கிழமை அக்கா போனில் கேட்டாள்: "நான் தந்தது போடுறியா?"

"கலியாணவீட்டுக்கு மட்டும் அக்கா."

"அப்ப வருஷத்துக்கு ரெண்டு தரமா?"

"ஆவணியில மட்டும் நாலு இருக்கு" என்றேன்.