பட்டுப்புடவைப் படம் எடுப்பவர்களுக்கு: மடக்கு கிரே கார்டு விமர்சனம்

காஞ்சிபுரம் பட்டுப்புடவைகளை ஆன்லைன் விற்பனைக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். புடவை திரும்பி வந்தால் பெரும்பாலும் நிறத் தகராறுதான். “அரக்குன்னு போட்டிருந்தீங்க, வந்தது வேற சிவப்பு” என்பார்கள். நெய்தவரின் மேல் தப்பில்லை, சாயத்தின் மேலும் இல்லை. தப்பு படத்தில். அந்தப் பழியைத் துடைப்பதற்காக நான் வாங்கியது இந்த மடக்கு கிரே கார்டு, அதாவது படத்தில் நிறத்தைச் சரிபார்க்க வைக்கும், மடக்கக்கூடிய சாம்பல் நிறத் துணி அட்டை.

ஃபிரேம் முழுக்க அரக்கை விரித்தால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்தைத் தானே கணித்துப் படத்தைச் சரிசெய்யும் வசதி) நினைத்துக்கொள்ளும், சிவப்பைக் குறைத்துவிடும். மாம்பழ மஞ்சளை விரித்தால் நீலத்தை ஏற்றும்; ஜரிகை வெளிறிப்போகும். கிரே கார்டு எந்த நிறத்துக்கும் சாயாது. தன்மேல் விழும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒரே அளவு, சுமார் 18 சதவீதம், திருப்பி அனுப்பும். ஆகவே படத்தில் அட்டை மஞ்சளாகத் தெரிந்தால், அந்த மஞ்சள் விளக்கினுடையது. லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில், நிறத்தைத் தொட்டுக் காட்டும் ஐட்ராப்பர் கருவியை அட்டைமேல் வைத்துக் கிளிக் செய்தால் அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் மூன்றும் சமமாகும், புடவையும் தன் நிறத்துக்கு வந்துவிடும். ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால்தான் இது சுத்தமாக அமையும், ஜேபெக்கில் ஓரளவுதான்.

வெள்ளைத் தாள் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ஏ4 தாளில் கலக்கும் ரசாயனம், பகல் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். அதை நம்பினால் புடவையில் மஞ்சள் ஏறும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் கீழ் தாளையும் இந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாள் நீலமாக ஒளிர்ந்தது, அட்டை இருண்டே கிடந்தது. நீங்கள் எந்த கிரே கார்டு வாங்கினாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

துணிப்பரப்பு என்பதால் பிளாஸ்டிக் அட்டைபோல் கண்ணாடி மினுக்கு அடிப்பதில்லை. கையாள்வதில்தான் கவனம் வேண்டும். மஞ்சள், குங்குமம் பட்ட கையால் தொட்டால் கறை ஒட்டிக்கொள்ளும். கறை பட்ட இடம் நடுநிலையாக இருக்காது. நான் ஓரத்து வளையத்தை மட்டுமே பிடிப்பேன்.

அட்டையால் முடியாததும் உண்டு. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் எல்இடி என்றால் எந்த வெளிச்சத்துக்குச் சரிசெய்வது? விளக்கை அணைத்துவிடுங்கள். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அதன் சாயலும் புடவையில் விழும். மயில்கழுத்து தனிக்கதை: பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம், பார்க்கும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகும். அதற்கு எந்த அட்டையும் உதவாது. இரண்டு கோணத்தில் படம் போட்டு, விவரத்தில் எழுதிவிடுவதுதான் நியாயம்.

24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் என்ற அட்டை இன்னும் துல்லியம், விலையும் கூட. சொந்தமாகத் தறி போட்டு வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு இந்த அட்டையே போதும், தைரியமாக வாங்கலாம். ஒவ்வொரு புடவைக்கும் முதல் படத்தில், புடவை இருக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தைப் பார்த்து அட்டையை வையுங்கள். மேகம் மூடினால் மறுபடியும் ஒரு படம் எடுங்கள்.