மன்னார் தீவுக் கரைநடை: ஒரு நாளுக்குத் தேறுமா?

தேறும். ஆனால் வான் பிடித்து வந்து, கோட்டை, பெருக்கமரம் (பாவோபாப்), பியர் எனப்படும் தலைமன்னார் இறங்குதுறை என்று மூன்று இடத்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு மத்தியானத்தோடு திரும்புகிறவர்களுக்கு இந்தத் தீவில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மன்னாரின் அருமையே அதன் இரண்டு கடல்தான். வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்று குமுறும்போது மற்றது குளம்போலக் கிடக்கும். அதனால் எந்தக் கரையில் நடப்பது என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கார்த்திகை முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. வடகரையில் அலை அடிக்கும், சாதாளை என்னும் கடற்தாவரம் மெத்தைமெத்தையாக ஒதுங்கும், கால் புதையும். அப்போது தென்கரைதான் நல்லது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம். தென்கரையில் மணல் பறந்து முகத்தில் குத்தும், வடகரை அமைதியாக இருக்கும். இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் இரண்டு கடலும் அடங்கியிருந்தாலும் வெயில் தாங்காது. எங்கள் தெரிவு தை, மாசி.

வவுனியாப் பக்கத்தால் வருவோர் பறயனாலங்குளம் வழியாகவும், கிளிநொச்சிப் பக்கத்தார் வெள்ளாங்குளம் வழியாகவும் மன்னார் ரவுணுக்கு வரலாம். ரவுணில் நிற்காமல் முதலில் தலைமன்னாருக்குப் போங்கள், ஏறத்தாழ 25 கிலோமீற்றர். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. காலையில் பியரிலிருந்து மேற்கே நடந்தால் வெயில் முதுகில் விழும். பின்னேரம் அதே நடையைத் தொடங்கினால் சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி போக வேண்டும். ஏழு மணிக்கு முன்னர் மணலில் கால் வைத்துவிடுவது நல்லது.

பியரடியில் வெளிச்சவீடும் பழைய இறங்குதுறையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1914 முதல் கொழும்பு ரயிலில் வந்தவர்கள் இங்கேதான் கப்பலேறித் தனுஷ்கோடிக்குப் போனார்கள். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மலையக மக்களில் பெருந்தொகையானோர் கடைசியாக மிதித்த இலங்கை மண் இதுதான். அதற்காகவாவது இங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். போரில் அழிந்த தண்டவாளம் 2015இல் பியர் வரை மீண்டும் வந்துவிட்டது. துறையின் இரும்பு கறள்பிடித்து உக்கிப்போயிருப்பதால் அதில் ஏற வேண்டாம். கடற்படை நிற்கும் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம்.

அங்கிருந்து பழைய தலைமன்னார்ப் பக்கமாகத் தீவின் மேற்கு முனைக்கு நடை. காய்ந்த மணலில் ஒவ்வொரு அடியும் பின்னால் சறுக்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டு, மூன்று கிலோமீற்றர்தான் போகலாம். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலைப் பிடித்து நடந்தால் கால் உளையாது. வெறுங்கால் கூடாது: கரையோரப் பற்றைகளில் உடைமரத்து முள் கிடக்கும், அது மெல்லிய றப்பர் செருப்பைத் துளைத்துவிடும். மீனவர் வாடிகளடியில் எறிந்த திருக்கை வாலும் கிடக்கலாம். ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடவுங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போகும். கரவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாமல் பின்புறமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை.

நிழல் கிடையாது. கிணற்றுநீர் பல இடங்களில் உவர் என்பதால், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோனால்தான் போதும். பலர் ஒரு போத்தலோடு வந்து பாதிவழியில் திரும்புவது இதனால்தான்.

முனையில் நின்றால் இராமர் அணையின் மணல்திட்டுகள் தொடங்குவது தெரியும். படகில் திட்டுக்குப் போகக் கடற்படையின் அனுமதி வேண்டும். சோளகக் காலத்தில் அங்கே ஆலாக்கள் (கடற்பறவைகள்) முட்டையிடும். மனிதர் இறங்கினால் பறவை எழும்பிவிடும், முட்டை வெயிலில் கெட்டுவிடும். அனுமதி கிடைத்தாலும் அந்த மாதங்களில் போகாதீர்கள்.

பத்தரைக்குள் திரும்பி பஸ் ஏறுங்கள். வழியில் பேசாலையில் வெற்றி மாதா கோவிலைப் பார்க்கலாம். மத்தியானம் ரவுணில் சோறும் மீன்குழம்பும், கிடைத்தால் நண்டும். வெயில் சாயப் பள்ளிமுனைப் பெருக்கமரம். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். சுற்றளவு 19.5 மீற்றர், உயரமோ வெறும் ஏழரை. பத்து நிமிடம் போதும்.

கோட்டைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கொத்தளத்தில் நின்றால் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியும் களப்பும் ஒரே பார்வையில் விரியும். அந்தத் தாம்போதியின் இரு பக்கமும் வங்காலைச் சரணாலயப் பகுதியும்தான் பூநாரை பார்க்கும் இடங்கள். குளிக்க ஆசைப்பட்டால், வாடைக்காலத்தில் தென்கரையிலுள்ள கீரி.

சொந்த வாகனத்தில் வந்தவர்கள் இருட்ட முன் வெளிக்கிடுங்கள். இரவில் கழுதைகள் சூடான தார் ரோட்டில் வந்து நிற்கும், ஹோன் அடித்தாலும் அசையாது.