கிளிநொச்சியில் இருந்து ரொறன்ரோ: தூரம் ஒன்று, நேரம் வேறு

பிள்ளைகள் கனடாவில் இருப்பதால் நானும் மனைவியும் பல வருடங்களாகக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோ போய்வருகிறோம். முதல் தடவை போகிற ஊர்ச்சனம் எங்களிடம் கேட்பது, "எத்தனை மணித்தியாலம்?" தூரம் கணக்கிடும் இணையத்தளங்களில் தட்டினால் சுமார் 14,000 கிலோமீற்றர், 16, 17 மணித்தியாலம் என்று வரும். தூரம் சரி. நேரத்தை நம்பிப் புறப்படாதீர்கள்.

அந்த 14,000, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய வழி. இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி, ஆர்க்டிக் பக்கமாக வளைந்து கனடாவுக்கு இறங்கும். அப்படி நேரே பறக்கும் சேவை இல்லை, எங்கேயாவது மாறத்தான் வேண்டும். மாறுவதால் தூரம் பெரிதாகக் கூடுவதும் இல்லை. டுபாய் வழியாக 3,300 உம் 11,100 உம், லண்டன் வழியாக 8,700 உம் 5,700 உம். இரண்டுமே 14,400 அளவில்தான் வந்து நிற்கின்றன. கூடுவது காத்திருப்புத்தான்.

டுபாய் வழியையே எடுங்கள். முதல் பறப்பு நாலரை மணித்தியாலம், அடுத்தது ஏறக்குறைய 14. திரும்பும்போது அந்த நீண்ட பறப்பில் ஒரு மணித்தியாலம் அளவில் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்று பின்னால் நின்று தள்ளுகிறது. ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ரொறன்ரோ எங்களுக்குக் கோடையில் 9½, குளிர்காலத்தில் 10½ மணித்தியாலம் பின்னால். அதைச் சேர்க்காமல் கழித்துப் பார்த்தால் போகும் பயணம் சின்னதாகவும் வரும் பயணம் இரண்டு நாள் போலவும் தெரியும்.

வன்னியில் எங்கள் கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்க வரை போகும் தரைவழியை எந்தத் தளமும் கணக்கில் எடுப்பதில்லை. வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று 300 கிலோமீற்றருக்கு மேல் வாகனத்தில் இருக்கவேண்டும், ஆறு ஏழு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்பே விமான நிலையத்தில் நிற்கவேண்டும். எல்லாம் கூட்டினால் வீட்டு வாசலில் இருந்து மகளின் வாசல் வரை ஒன்றரை நாள்.

வயதானவர்களை அனுப்புகிறவர்கள் ஒன்றரை மணித்தியால இடைவெளி உள்ள ரிக்கெற்றை மலிவு என்று எடுக்கவேண்டாம். மூன்று நாலு மணித்தியாலம் இருக்கட்டும். பதியும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. முடிந்தால் பறப்புக்கு முந்தின நாள் இரவு நீர்கொழும்பில் தங்கவையுங்கள். இரவிரவாக வாகனத்தில் இருந்துவிட்டு விமானம் ஏறினால் கால் வீங்கிவிடுகிறது, என் மனைவிக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாகப் போகலாமே என்கிறார்கள். அங்கிருந்து சென்னை சுமார் 360 கிலோமீற்றர்தான். கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். ஆனால் தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டிகளை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். அதனால் கனடாவுக்கு நாங்கள் இன்னும் கட்டுநாயக்கவையே எடுக்கிறோம்.