மூன்று சீட்டுக் கிளாவர்: டூ ஓவர் ஒன்னோடு மூன்று வருடம்

பினாங்கு நண்பன் போன வாரம் கேட்டான்: "இருபது வருஷமா அக்கோல்தான் ஆடுறேன். இப்ப எல்லாரும் டூ ஓவர் ஒன்ங்கிறாங்க. மாறலாமாடா?" இரண்டும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பார்ட்னரோடு ஏலம் பேசும் முறைகள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் நியாயமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நானும் அத்தானும் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இதைப் பழகினோம். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தில் ரோபோக்கள் ஆடுவதும் டூ ஓவர் ஒன்தான் என்பதால் ராத்திரியில் தனியாகவும் பழக முடிந்தது. ஐந்து சீட்டு இருந்தால்தான் இஸ்பேடிலோ ஆட்டினிலோ திறப்பது, அதாவது ஏலத்தைத் தொடங்குவது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் கைவந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு கையை மட்டும் சொன்னால் போதும்.

அத்தான் 1 இஸ்பேடில் திறந்தார் (சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடி; சொல்லும் வகைதான் துருப்பு). என்னிடம் இஸ்பேடில் கிங், ஜாக், ஐந்து. டைமனில் ஏஸ், கிங், குயினோடு ஐந்து சீட்டு. ஆட்டினிலும் கிளாவரிலும் வெறும் சில்லறை. நான் 2 டைமன் என்றேன், அவர் 2 இஸ்பேடு என்றார். அக்கோலில் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். 3 இஸ்பேடு என்றால் அது வெறும் அழைப்பு. அவர் பாஸ் சொல்லிவிடலாம். அந்தப் பயத்தில் நேரே 4 இஸ்பேடுக்குத் தாவுவேன், பேச வேண்டிய இடமெல்லாம் போய்விடும். டூ ஓவர் ஒன்னில் 2 டைமன் சொன்ன நொடியிலேயே கேம் வரை, அதாவது பெரிய போனஸ் கிடைக்கும் மட்டம் வரை (இஸ்பேடில் அது 4) போவது உறுதி. 3 இஸ்பேடு என்று நிதானமாகச் சொன்னேன். இங்கே மெதுவாக வருகிறவனிடம்தான் சரக்கு அதிகம். 4க்குத் தாவுகிறவன் கையில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் 4 கிளாவர் சொல்லிக் கிளாவரில் பிடிமானம் காட்டினார். நான் 4 டைமன், அவர் 4 ஆட்டின். எனக்குப் பயமாக இருந்த இரண்டு இடமும் அடைபட்டன. ஏஸ் கேட்டேன், மூன்றும் அவரிடம். 6 இஸ்பேடு.

ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் இருவருக்கும் சேர்த்து 27 புள்ளிதான். 12 பிடியும் வந்தது. வல்னரபிளில் (போனஸும் அபராதமும் கூடுதலாக இருக்கும் நிலை) 1430. பக்கத்து மேசையில் 4 இஸ்பேடில் நின்றவர்களும் அதே 12 பிடி எடுத்தார்கள், கிடைத்தது 680. நடுவில் இருக்கும் அந்த 750 முழுக்க, அவசரப்படாமல் பேசியதற்குக் கிடைத்த கூலி. அன்றைக்கு அத்தான் என் தோளைத் தட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

இனி குறைக்கு வருகிறேன்: 1 நோ டிரம்ப், அதாவது துருப்பில்லாமல் ஆடும் ஏலம்.

2 மட்டத்துக்குப் போக நல்ல கை வேண்டும் என்று வைத்துவிட்டதால், 6லிருந்து 12 புள்ளி வரை ஒட்டாத கை எல்லாம் 1 நோ டிரம்ப் என்ற ஒரே கூடையில் வந்து விழுகிறது. அதற்குத் திறந்தவர் பாஸ் சொல்லக்கூடாது; இதைத்தான் ஃபோர்சிங் என்பார்கள். நாலு வகையும் 5-3-3-2 என்று பிரிந்த கையாக இருந்தால், இல்லாத நீளத்தை இருப்பதாகச் சொல்லி மூன்று சீட்டு வகையைக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் கை: இஸ்பேடு ஏஸ், குயின், 9, 7, 4, ஆட்டின் கிங், 6, டைமன் ஏஸ், 8, 3, கிளாவர் 7, 5, 2. 1 இஸ்பேடு. அத்தான் 1 நோ டிரம்ப். அங்கேயே நின்றால் நல்ல கை. விதி விடவில்லை; 7, 5, 2ஐ வைத்துக்கொண்டு 2 கிளாவர் சொன்னேன். அவரிடம் இஸ்பேடு ஒன்று, மற்ற மூன்றிலும் நாலு நாலு. அவர் பாஸ் சொன்னது முற்றிலும் சரி. ஏழு துருப்போடு ஆடி இரண்டு பிடி குறைந்தது, 200 போச்சு. அக்கோல் மேசையில் 1 இஸ்பேடு, 1 நோ டிரம்ப், பாஸ். ஏழு பிடி, 90.

எங்கள் வீட்டில் சீட்டு என்றால் 304 என்ற ஆட்டம்தான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று தாத்தா மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: கையில் இல்லாததைக் கேட்காதே. ஏழு, ஐந்து, இரண்டை வைத்துக் கிளாவர் கேட்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. மூன்று வருடமாகியும் பழகவில்லை.

மராமத்தும் பார்த்தோம். செமி ஃபோர்சிங் என்று மாற்றி, குறைந்தபட்சக் கையோடு பாஸ் சொல்லலாம் என்று வைத்தோம். அந்த ஓட்டை அடைபட்டு வேறிடத்தில் ஒழுகியது. மூன்று இஸ்பேடும் 11 புள்ளியும் உள்ள கை 1 நோ டிரம்ப் வழியாகத்தான் வர வேண்டும். பாஸ் சொன்னதும் எட்டுத் துருப்பை விட்டுவிட்டு நோ டிரம்ப்பில் மாட்டிக்கொண்டோம். அத்தான் கோபப்படாதவர். "இது தெரிஞ்சுதானே வச்சோம், அப்புறம் ஏன் முறைக்கிற?" என்றார். திரும்ப ஃபோர்சிங்குக்கே போனோம், அதுதான் ஞாயிற்றுக்கிழமை கதை.

நண்பனுக்கு: வாராவாரம் ஒரே பார்ட்னர் இல்லாமல் இதைத் தொடாதே. நீ பட்டர்வொர்த்தில் ஒருவரோடும் ஜார்ஜ்டவுனில் வேறொருவரோடும் ஆடுகிறாய். 1 நோ டிரம்ப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்திருப்பார்கள். மாறாதே. அந்த 1430ஐப் படித்துவிட்டும் மாறாதே. எனக்கு இதைவிட அழகான ஏலமுறை தெரியாது, ஆனாலும் வரும் ஞாயிறு அக்கோலே ஆடலாம் என்று அத்தானுக்கு எழுதிவிட்டேன். படித்திருக்கிறார், இன்னும் பதில் போடவில்லை.