சுவர் எழுப்பிய ஊரும் சுவரை மண்ணுக்குள் வைத்த ஊரும்

கடல் ஊருக்குள் ஏறி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போன பிறகு, மிஞ்சியவர்கள் எங்கே வீடு கட்டுவது? 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இரண்டு ஊர்கள் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எதிரெதிரான விடைகளைக் கட்டி முடித்தன. ஒன்று இவாத்தே மாகாணத்தின் ரிக்குசென்தகாத்தா. மற்றொன்று அதற்குத் தெற்கே, மியாகி மாகாணத்தில் இருக்கும் ஒனகாவா. முதல் ஊர் கடலுக்கு முன்னால் உயர்ந்த சுவரை எழுப்பி, அதன் பின்னால் நிலத்தையே மேடாக்கியது. இரண்டாவது ஊர் கடலோரத்தைக் கடைகளுக்கும் மீன்வேலைக்கும் விட்டுவிட்டு, வீடுகளை மலைமேல் ஏற்றியது.

எனக்கு ஒனகாவாவின் வழிதான் சரியென்று படுகிறது. ஆனால் ரிக்குசென்தகாத்தாவைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் நிலத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கெசென் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் விரிந்த சமவெளி அது. ஊரின் மையம் முழுவதும் அந்தச் சமவெளியில்தான் இருந்தது. நகராட்சி அலுவலகத்தின் கூரைவரை தண்ணீர் ஏறியது. ஆபத்து வந்தால் ஒதுங்குங்கள் என்று முன்கூட்டியே குறித்துவைத்த கட்டடங்களே மூழ்கின. 2010 கணக்கெடுப்பில் 23,300 பேர் இருந்த ஊரில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஒனகாவாவிலும் இழப்பு ஏறக்குறைய அதே விகிதம்தான்: சுமார் பத்தாயிரம் பேரில் 800 பேருக்கு மேல். அங்கே அலை 14.8 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. ஆனால் ஒனகாவா மலைகளுக்கு இடையே ஒடுங்கிய விரிகுடா. துறைமுகத்திலிருந்து திரும்பி நடந்தால் சிறிது நேரத்தில் மேட்டில் கால் வைத்துவிடலாம். சமவெளிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவர்கள் மேட்டை ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

சுனாமிக்கு முன்பு ரிக்குசென்தகாத்தாவின் கரைக்கு ஒரு காடு காவலாக இருந்தது. உப்புக்காற்றிலிருந்தும் மணலிலிருந்தும் வயல்களைக் காக்க 17ஆம் நூற்றாண்டில் நடத் தொடங்கிய பைன் தோப்பு, சுமார் 70,000 மரங்களாகப் பெருகி, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை மூடியிருந்தது. அத்தனை மரங்களும் ஒரே பிற்பகலில் போய், ஒன்று மட்டும் நின்றது. உப்புநீர் வேரை அழுகவைத்ததால் அதுவும் 2012இல் பட்டுப்போனது. பதப்படுத்தி, அடுத்த ஆண்டு நினைவுச்சின்னமாக மறுபடி நிறுத்தினார்கள். 2004க்குப் பிறகு நம் கரைகளில் சவுக்குத் தோப்பை ஏறக்குறைய மந்திரக் கவசம்போலப் பேசியவர்கள் இந்த 70,000 மரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். மரம் மணலைப் பிடிக்கும், காற்றைத் தணிக்கும், சிறிய அலையின் வேகத்தைக் குறைக்கும். பத்து மீட்டருக்கு மேல் எழும் அலையின் முன் தோப்பு மட்டும் நின்று ஊரைக் காத்துவிடாது. சிலியின் கான்ஸ்டிடூசியோன் நகரில், 2010 நிலநடுக்கமும் சுனாமியும் அடித்த பிறகு, கட்டடக் கலைஞர் அலெஹாண்ட்ரோ அரவேனாவின் குழு ஆற்று முகத்தில் காடு வளர்க்கும் திட்டத்தை முன்வைத்தது. மக்களும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் காட்டின் வேலை அலையின் வேகத்தைத் தணிப்பதுதான். உயிர் பிழைக்க மேட்டுக்கு ஓடித்தான் ஆகவேண்டும்.

ஆக ரிக்குசென்தகாத்தா 12.5 மீட்டர் உயரத்தில், சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் கட்டியது. பழைய சுவர் 5.5 மீட்டர்தான். சுவருக்குப் பின்னால் ஊரின் மையத்தைப் பத்து மீட்டர் அளவுக்கு உயர்த்த, ஆற்றுக்கு அப்பால் இருந்த குன்றின் தலையைச் சீவினார்கள். வெட்டிய மண்ணை லாரியில் கொண்டுவந்தால் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஆற்றுக்கு மேலே தொங்குபாலம் அமைத்து, மொத்தம் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கன்வேயர் பெல்ட் ஓட்டினார்கள். 2014 மார்ச்சில் ஓடத் தொடங்கிய பெல்ட் 2015 செப்டம்பரில் நின்றது. பொறியியல் சாதனை என்று பார்த்தால் அதற்கு நிகர் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாலத்துக்கு 'நம்பிக்கைப் பாலம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டுகளில் ஊர் மக்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் கடையை இழந்த ஒருவர், மண் கொட்டி, அது இறுகி, மனை பிரித்து, கையில் வந்து சேரும்வரை காத்திருந்தால் அறுபதைத் தாண்டிவிடுவார். அந்த வயதில் கடன் வாங்கிப் புதிய கடை வைக்க எத்தனை பேர் துணிவார்கள்? பலர் பக்கத்து மேடுகளில் சொந்தமாக நிலம் தேடிக்கொண்டார்கள், வெளியூர்களில் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். உயர்த்திய மண் தயாரானபோது அதில் வீடு கட்ட வேண்டியவர்கள் குறைந்திருந்தார்கள். சுனாமியின் பத்தாம் ஆண்டு நெருங்கியபோதும் மேடாக்கிய மனைகளில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன.

ஒனகாவாவின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த புதிய ரயில் நிலையம் 2015 மார்ச்சில் திறந்தது; கடற்பறவை சிறகு விரித்ததுபோன்ற கூரை, மேல்தளத்தில் பொது வெந்நீர்க் குளியல். நிலையத்திலிருந்து கடலை நோக்கிச் செங்கல் பாவிய நேர்ச்சாலை இறங்குகிறது. அதன் இரு பக்கமும் தாழ்ந்த கூரைக் கடைகள். கடைவீதி அதே ஆண்டு டிசம்பரில் திறந்தது. ரிக்குசென்தகாத்தாவின் புதிய மையத்தில் வணிக வளாகம் திறந்தது 2017 ஏப்ரலில். பணம் இருந்தும் இந்தப் பதினாறு மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது.

ஒனகாவாவால் முந்த முடிந்ததற்குக் காரணம், எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று அவர்கள் சீக்கிரமே முடிவெடுத்ததுதான். வியாபாரிகளும் மீன்தொழில் செய்பவர்களும் சேர்ந்து 2011 ஏப்ரலிலேயே ஒரு குழு அமைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் குறுக்கே பேசக்கூடாது, இருபது ஆண்டுகள் கழித்தும் இங்கே வாழப்போகிறவர்கள் தீர்மானிக்கட்டும் என்று மூத்தவர்களே சொன்னார்கள். மூப்புக்கு மரியாதை தரும் ஒரு சமூகத்தில் பெரியவர்கள் இப்படித் தாமாக ஒதுங்கியதை நான் பெரிய செயலாகக் கருதுகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் 39 வயதுக்காரர் ஒருவர் மேயரானார். கடல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளம் எட்டக்கூடிய தாழ்நிலத்தில் வீடு கட்டும் உரிமையை விட்டுக்கொடுத்தது.

ஒனகாவாவில் சுவரே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அலைக்கு ஈடான, சுமார் 4.4 மீட்டர் உயரத் தடுப்பு அங்கேயும் உண்டு. நிலத்தை அதற்கு மேல் நிரப்பி, சாலையையும் உயர்த்தியதால் அது கண்ணில் படுவதில்லை. நிலவடிவமைப்பு என்ற துறை ஒரு ஊருக்கு என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பூச்செடி வைப்பதும் பெஞ்சு போடுவதும் பிற்பாடு. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை இந்தக் கடைவீதியை மறுபடி மூழ்கடிக்கும். அது தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். அன்று கடைக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஒனகாவாவின் பள்ளி மாணவர்கள் பணம் திரட்டி, ஊரின் 21 கரைப்பகுதிகளில், அலை எட்டிய உயரத்துக்கு மேலே நினைவுக்கற்கள் நட்டிருக்கிறார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் இந்தக் கல்லுக்கு மேலே ஓடுங்கள் என்பது அவற்றின் செய்தி.

ஒனகாவாவைப் புகழும்போது இரண்டு உண்மைகளை மறைக்கக்கூடாது. அந்த ஊரின் எல்லையில் அணுமின் நிலையம் இருப்பதால் நகராட்சியிடம் பணம் இருந்தது. மற்ற மீனவ ஊர்களுக்கு அது இல்லை. அடுத்தது, மக்கள்தொகை. 2010இல் பத்தாயிரத்தைத் தொட்ட எண்ணிக்கை 2020இல் 6,430 ஆகிவிட்டது. ரிக்குசென்தகாத்தா அதே ஆண்டில் 18,000 சொச்சத்தில் நின்றது. சதவீதமாகப் பார்த்தால் ஒனகாவா இழந்ததே அதிகம். தற்காலிக வீடு கட்டக்கூடச் சமநிலம் இல்லாததால் பலர் பக்கத்து நகரங்களுக்குப் போனார்கள், திரும்பவில்லை. எனினும், குறையப்போகிறோம் என்று தெரிந்து ஊரைச் சிறிதாகத் தைத்துக்கொண்டதால், எஞ்சியவர்கள் நெருக்கமாக, ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கும் ஊரில் வாழ்கிறார்கள். ரிக்குசென்தகாத்தாவில் குறைவான விகிதம் போயும், எஞ்சியவர்கள் பெரிய வெற்று மனைகளுக்கு நடுவே சிதறியிருக்கிறார்கள்.

சுவரே வீண் என்று முடித்துவிடவும் முடியாது. இவாத்தேயின் ஃபுதாய் கிராமத்தில் 15.5 மீட்டர் உயர மதகு, வீண்செலவு என்ற ஏச்சுக்கு நடுவே 1984இல் கட்டி முடிக்கப்பட்டது; 2011இல் அது கிராமத்தின் வீடுகளைக் காப்பாற்றியது. அதே மாகாணத்தின் தாரோவில் உலகப் புகழ்பெற்ற பத்து மீட்டர்ச் சுவரைத் தாண்டிக் கடல் உள்ளே வந்தது; சுவரை நம்பித் தாமதித்தவர்களும் உண்டு. ஃபுதாயில் அடைக்க வேண்டியது குறுகிய பள்ளத்தாக்கின் வாய். தாரோவில் திறந்த குடா. எந்த நிலத்தில் சுவர் என்பதைப் பொறுத்ததே அதன் பயன்.

ரிக்குசென்தகாத்தாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நினைவுப் பூங்கா. கட்டடக் கலைஞர் ஹிரோஷி நைத்தோ, 2019இல் திறந்த அருங்காட்சியகத்தின் நடுவே ஒரு திறப்பை விட்டு, அங்கிருந்து கடலை நோக்கி நேர்க்கோடாக ஒரு பாதையை இழுத்திருக்கிறார். பாதை படிகளாகி அந்த 12.5 மீட்டர்ச் சுவரின் மேலேறுகிறது. உச்சியில் கடலைப் பார்த்து மலர் வைக்க ஒரு மேடை. சுவர் மறைத்த கடலைப் பார்க்க அவர் சுவரையே படியாக்கினார். கீழே 40,000 பைன் கன்றுகள் மறுபடி நடப்பட்டிருக்கின்றன.

நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளில் ஒனகாவாவை அப்படியே பெயர்க்க முடியாது. ஏறிப்போக மலை இல்லை. 2004க்குப் பிறகு இங்கே வீடுகளைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். தள்ளியதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் காற்றையும் கடலின் நிறத்தையும் வாசலில் நின்றே பார்த்து, இன்று தொழிலுக்குப் போகலாமா என்று முடிவெடுத்தவர்களுக்கும் கடலுக்கும் நடுவே தூரம் விழுந்தது. படகும் வலையும் ஏலக்கூடமும் கரையிலேயே இருக்கட்டும், இரவில் தூங்கும் இடம் மட்டும் உள்ளே போகட்டும் என்பதுவரை ஒனகாவாவின் கணக்கு இங்கேயும் செல்லும். மலைக்குப் பதில், ஏறி நிற்கக்கூடிய உயரமான பொதுக் கட்டடங்கள் வேண்டும்; குப்பத்துக் குழந்தை இருட்டிலும் வழி தவறாமல் ஓடிச்சேரும்படி அவற்றுக்கு நேரான, அகலமான, ஆக்கிரமிப்பு இல்லாத தெருக்கள் வேண்டும். பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் தெருக்களைத்தான் இன்னும் யாரும் ஒரு வடிவமைப்பு வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.