ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா?

காரைக்குடி பக்கம் பழைய வீடுகள்ல முகப்புல இருந்து வளவு தாண்டி ரெண்டாங்கட்டு வரைக்கும் நேரா நீளமா இருக்கும், 10 மீட்டர் ப்ராக்டிஸுக்கு தாராளம், பின்கதவ மட்டும் தாழ் போட்டுருங்க, யாராச்சும் குறுக்க வந்துரக்கூடாது. அதுக்கு 0.177 (0.177 இன்ச், அதாவது 4.5 மி.மீ. குண்டு போடுற ஏர் ரைஃபிள்) வாங்குற தம்பிங்க கேக்குறது, ஸ்பிரிங் வச்சத வாங்கலாமா, கேஸ் பிஸ்டன் வச்சத வாங்கலாமான்னுதான்.

ஸ்பிரிங் ரைஃபிள்ல ஒரு சுருள்தான் பிஸ்டன தள்ளும், அந்த பிஸ்டன் காத்த அழுத்தி குண்ட வெளிய அனுப்பும்; விலை கம்மி. ஆனா சுடும்போது சுருள் விரியுற வேகத்துல துப்பாக்கி லேசா முறுக்கும், அதிரும், குழல மடக்கி லோட் பண்ணி ரொம்ப நேரம் அப்படியே வச்சா ஸ்பிரிங் தளர்ந்துரும்.

கேஸ்ல சுருளே கிடையாது, சீல் பண்ண சிலிண்டருக்குள்ள அடைச்ச நைட்ரஜன்தான் பிஸ்டன தள்ளுது, அதனால அந்த முறுக்கு இல்ல, அதிர்வும் சட்டுனு அடங்கிரும். லீக் ஆனா முழு யூனிட்டையும் மாத்தணும், மடக்க ஆரம்பிக்கும்போதே கைல நல்ல பலம் வேணும்.

புதுசா கத்துக்குறவங்களுக்கு நான் ஸ்பிரிங்தான் சொல்வேன், அந்த அதிர்வுலயும் ஆடாம பிடிக்கப் பழகிட்டா கை நல்லா நிலைக்கும்.

எதுவா இருந்தாலும் வீட்ல கழட்டாதீங்க தம்பி, உள்ள அழுத்தத்தோடதான் உக்காந்திருக்கு, மூஞ்சிக்கே பாயும். கண்ட எண்ணெயையும் ஊத்தாதீங்க, காத்து அழுந்துற சூட்டுல அது பத்திக்கிட்டு சீல் போயிரும்.